ஏழு டாலர் படை: மாசசூசெட்ஸ் 54-வது ரெஜிமென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காகச் சண்டையிட்ட கறுப்பினக் காலாட்படைகளில் அதிகம் பேசப்படுவது மாசசூசெட்ஸ் 54-வது ரெஜிமென்ட். பேசுகிறவர்களில் பெரும்பாலோர், இந்தப் படை வாக்னர் கோட்டையைத் தாக்கிய 1863 ஜூலை 18 மாலையோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்தப் படை களத்தில் இருந்தது. அதில் பெரும்பகுதி ஒரு காசு சம்பளம் வாங்காமல். எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. எனவே இங்கே கோட்டைக்கு எவ்வளவு இடமோ, சம்பளத்துக்கும் அவ்வளவு இடம்.

இது எந்தப் போர்? யாருக்கும் யாருக்கும்?

1861 முதல் 1865 வரை நடந்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள நாட்டைவிட்டுப் பிரிந்த தென் மாநிலங்கள் ஒரு பக்கம். பிரிய விடமாட்டோம் என்ற வட மாநிலங்கள் இன்னொரு பக்கம். வடக்கின் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ்.

54-வது ரெஜிமென்ட் எப்படி உருவானது?

போர் தொடங்கியபோது கறுப்பர்களைப் படையில் சேர்க்க வடக்கே தயாராக இல்லை. 1863 ஜனவரி 1-ல் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனம் அந்தக் கதவைத் திறந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ உடனே வாஷிங்டனுக்குப் போய், போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனிடம் ஜனவரி 26-ல் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவந்தார்.

அனுமதி கிடைத்ததே தவிர ஆள் இல்லை. மாசசூசெட்ஸில் கறுப்பின மக்கள்தொகை மிகக் குறைவு. எனவே நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹாயோ என்று ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள். கனடாவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அடிமையாக இருந்து தப்பி, எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் புகழ்பெற்றிருந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தன் மகன்களில் இருவரைப் படையில் சேர்த்துவிட்டார். மூத்தவர் லூயிஸ் இந்தப் படையின் சார்ஜென்ட் மேஜர் ஆனார். தம்பி சார்லஸ் உடல்நலக் குறைவால் படையோடு தெற்கே போகவில்லை.

பாஸ்டனுக்கு வெளியே ரெட்வில் என்ற இடத்தில், மெக்ஸ் முகாமில் பயிற்சி. பத்து கம்பெனிகள், ஆயிரத்துக்குச் சற்று மேல் ஆட்கள். தப்பி வந்த முன்னாள் அடிமைகளும் இருந்தார்கள், ஆனால் பெரும்பாலோர் பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள்: விவசாயக் கூலிகள், கப்பல் தொழிலாளிகள், முடிதிருத்துபவர்கள், சமையல்காரர்கள். கணிசமானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும். பின்னால் சம்பளச் சண்டையில் அதுதான் கைகொடுத்தது.

அமெரிக்காவின் முதல் கறுப்பினப் படை இதுதானே?

இல்லை. லூசியானா, தென் கரோலினா, கான்சஸ் ஆகிய இடங்களில் இதற்கு முன்பே 1862-ல் கறுப்பினப் படைகள் எழுந்துவிட்டன. லூசியானாவின் போர்ட் ஹட்சனில் கறுப்பினப் படையினர் கோட்டையைத் தாக்கியது 1863 மே மாதம், வாக்னருக்கு ஏழு வாரம் முன்பு. 54-வது படை வடக்கு மாநிலங்களில் திரட்டப்பட்ட முதல் கறுப்பினப் படைகளில் ஒன்று. பாஸ்டன் செய்தித்தாள்களின் கண்பார்வையில் இருந்ததால் பேரும் பரவியது. போர் முடிவதற்குள் வடக்கின் ராணுவத்தில் சுமார் 1,79,000 கறுப்பர்கள் பணியாற்றினார்கள்.

அதிகாரிகளும் கறுப்பர்களா?

இல்லை. அதிகாரிகள் வெள்ளையர்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதியே வந்தது. ஆளுநர் ஆண்ட்ரூ அடிமை ஒழிப்பை ஆதரித்த குடும்பங்களாகப் பார்த்துத் தேடினார். கர்னல் பதவிக்கு அவர் தேர்ந்தெடுத்தவர் ராபர்ட் கோல்ட் ஷா, வயது 25. ஆளுநரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வர்ஜீனியாவில் இருந்த மகனிடம் ஷாவின் அப்பாவே போனார். ஷா முதலில் மாட்டேன் என்றார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ மனம் மாறி ஒப்புக்கொண்டார்.

பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியுமா?

நன்றாகத் தெரியும். ஆயுதத்தோடு பிடிபடும் முன்னாள் அடிமைகளை மாநில அரசுகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஜெஃபர்சன் டேவிஸ் 1862 டிசம்பரிலேயே அறிவித்திருந்தார். அவர்களை நடத்தும் வெள்ளை அதிகாரிகளுக்கு மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று தெற்கின் நாடாளுமன்றமான காங்கிரஸ் 1863 மே மாதம் தீர்மானம் போட்டது. அதே மே மாதம் 28-ம் தேதிதான் இந்தப் படை பாஸ்டன் தெருக்களில் அணிவகுத்துப் போய்க் கப்பல் ஏறியது.

தெற்கே போனதும் முதலில் என்ன செய்தார்கள்?

பெருமைப்படும்படி எதுவும் இல்லை. ஜூன் 11-ல் ஜார்ஜியாவின் டேரியன் என்ற சிறு ஊரைக் கொள்ளையடித்து எரிக்கும் வேலையில் இந்தப் படை ஈடுபடுத்தப்பட்டது. உத்தரவு போட்டவர் வேறொரு படையின் கர்னலான ஜேம்ஸ் மான்ட்கோமரி. எதிர்ப்பே காட்டாத ஊரை எரித்தது ஷாவுக்கு அருவருப்பாக இருந்தது, வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். எரிந்துபோன தேவாலயத்தைத் திரும்பக் கட்டப் பின்னாளில் ஷா குடும்பம் பணம் திரட்டிக் கொடுத்தது.

அப்படியானால் முதல் சண்டை?

ஜூலை 16, ஜேம்ஸ் தீவு, தென் கரோலினா. விடியற்காலையில் எதிரி பெரும்படையோடு வந்தபோது காவல் வரிசையில் இருந்த 54-வது படையின் கம்பெனிகள் உடையாமல் நின்று சுட்டுக்கொண்டே பின்வாங்கின. அந்த அவகாசத்தில்தான் பக்கத்தில் சிக்கவிருந்த 10-வது கனெக்டிகட் படை தப்பியது. வெள்ளைச் சிப்பாய்களின் உயிரைக் கறுப்புச் சிப்பாய்கள் காப்பாற்றியது அந்த வட்டாரத்தில் அன்று முழுக்கப் பேச்சாக இருந்தது. இந்தப் படைக்கு இழப்பு நாற்பதைத் தாண்டியது.

வாக்னர் கோட்டையில் என்னதான் நடந்தது?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் மோரிஸ் தீவு. தீவென்று பேர், உண்மையில் ஒரு மணல் திட்டு. அதைக் குறுக்காக அடைத்துக்கொண்டு வாக்னர் கோட்டை. கல் கட்டடம் இல்லை. மணல் மேடும், பனையின உள்ளூர் மரத்தின் தடிகளும், முன்னால் அகழியும். பகல் முழுக்கப் பீரங்கிகள் அதன்மேல் குண்டு பொழிந்தன. கல் சுவர் என்றால் நொறுங்கியிருக்கும். மணல் குண்டை விழுங்கிவிட்டது. உள்ளே ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மணலுக்கு அடியில் இருந்த பதுங்கறைகளில் பத்திரமாக இருந்தார்கள். கோட்டை ஓய்ந்துவிட்டது என்று வடக்கின் தளபதிகள் நினைத்துக்கொண்டார்கள்.

54-வது படையோ ஜேம்ஸ் தீவிலிருந்து மழையிலும் சதுப்பிலும் இரவெல்லாம் நடந்து, படகு மாறி, 18-ம் தேதி மாலை வந்து சேர்ந்தது. இரண்டு இரவு சரியான தூக்கம் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை. பிரிகேட் தளபதி ஜார்ஜ் ஸ்ட்ராங், முன்னணியில் போகிறீர்களா என்று ஷாவைக் கேட்டார். ஷா சரி என்றார். சோர்ந்து வந்த படையை முன்னால் நிறுத்தியது தவறு என்று அன்றே பேச்சு எழுந்தது, இன்றும் தீரவில்லை. படையின் பேரை நிலைநாட்ட ஷாவே அந்த வாய்ப்பை விரும்பினார் என்பதையும் மறைக்க முடியாது.

புறப்படும் முன் ஸ்ட்ராங் கொடி பிடித்திருந்தவரைக் காட்டி, இவர் விழுந்தால் யார் தூக்குவீர்கள் என்று கேட்டார். வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு, நான் என்றார் ஷா. பொழுது சாய்ந்து ஏழே முக்கால் இருக்கும். சுமார் 600 பேர் கடற்கரை மணலில் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு. கோட்டையை நெருங்க நெருங்க வழி குறுகியது. வரிசையின் ஓரத்தில் இருந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் ஓடினார்கள். சுமார் இருநூறு கஜ தூரத்தில் கோட்டை வாய் திறந்தது.

அப்படியும் அகழியைத் தாண்டி மணல் சரிவில் ஏறினார்கள். ஷா மேட்டின் உச்சியில் சுடப்பட்டு விழுந்தார். உச்சியில் கைகலப்பு: துப்பாக்கியின் பின்கட்டையும் பயனெட்டும். பின்னால் வந்த படைகள் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கோட்டை விழவில்லை. 54-வது படைக்கு மட்டும் இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் சேர்த்துச் சுமார் 270. தாக்கிய தரப்பின் மொத்த இழப்பு 1,515, காத்த தரப்புக்கு 174.

காயமில்லாமல் மிஞ்சிய அதிகாரிகளில் மூத்தவர் கேப்டன் லூயிஸ் எமிலியோ. வயது 18. அன்று இரவு படையைத் திரட்டி நிறுத்தியது அவர்தான்.

கோட்டை எப்போதுதான் விழுந்தது?

செப்டம்பர் 7 விடிவதற்குள் எதிரிகளே காலி செய்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன் ஏழு வாரம் முற்றுகைப் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. மண்வெட்டி பிடித்தவர்களில் 54-வது படையும் உண்டு.

ஷாவின் உடலைத் திரும்பக் கேட்டார்களா?

அதிகாரிகளின் உடலைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். ஷாவை மட்டும் அவருடைய சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். அவமானப்படுத்துவதாக நினைத்துச் செய்தது. பிற்பாடு உடலை மீட்கும் பேச்சு வந்தபோது அப்பா வேண்டாம் என்று எழுதிவிட்டார். தன் ஆட்கள் நடுவே கிடப்பதைவிட அவனுக்கு நல்ல இடம் இல்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

கொடியைக் கீழே விடாத சார்ஜென்ட் யார்?

வில்லியம் கார்னி. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் அடிமையாகப் பிறந்தவர், பிறகு மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் குடியேறியவர். கம்பெனி சி. கொடி பிடித்தவர் விழுந்ததும் இவர் அதைப் பிடித்து மேடுவரை கொண்டுபோய் நட்டார். பின்வாங்கும்போது பல குண்டுகள் பாய்ந்தன. வழியில் வேறு படைக்காரர் ஒருவர் கொடியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றபோது, 54-வது படைக்காரன் கையில் தவிர வேறு யார் கையிலும் தரமாட்டேன் என்று தவழ்ந்தே வந்து சேர்ந்தார்.

அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஆனர்' பெற்ற முதல் கறுப்பர் என்று இவரைச் சொல்வது பாதி சரி. பதக்கத்துக்குரிய செயல்களைத் தேதிப்படி அடுக்கினால் இவருடையது முந்தியது. ஆனால் பதக்கம் கைக்கு வந்தது 1900-ல். அதற்குள் வேறு பல கறுப்பர்கள் வாங்கிவிட்டார்கள். நடுவில் இருந்த முப்பத்தேழு வருடத்தில் பெரும்பகுதி நியூ பெட்ஃபோர்டில் தபால்காரராக வேலை பார்த்தார்.

பிடிபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்களா?

முயற்சி நடந்தது. பிடிபட்ட நான்கு பேர்மீது, அடிமைக் கலகத்தில் ஈடுபட்டதாக 1863 செப்டம்பரில் சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர் நெல்சன் மிட்செல் என்ற சார்ல்ஸ்டன் வெள்ளை வழக்கறிஞர். போர்க்கைதிகளை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்குள் லிங்கனும் ஜூலை 30-ல் உத்தரவு போட்டிருந்தார்: போர் நெறிக்கு மாறாக எங்கள் சிப்பாய் ஒருவரைக் கொன்றால், உங்கள் கைதி ஒருவர் கொல்லப்படுவார். தூக்குமேடை தப்பியது. சிறை தப்பவில்லை, பலர் அங்கேயே இறந்தார்கள்.

சம்பளப் பிரச்சினை என்ன?

சேரும்போது சொன்னது: மற்ற சிப்பாய்களுக்கு என்னவோ அதேதான் உங்களுக்கும். அதாவது மாதம் 13 டாலர், உடுப்புப் படி தனி. சம்பளப் பட்டுவாடா அதிகாரி வந்தபோது சொன்னது: 10 டாலர், அதில் உடுப்புக்கு 3 பிடித்தம். கையில் 7.

இந்த 10 டாலர் எங்கிருந்து வந்தது? 1862 ஜூலையில் வடக்கின் காங்கிரஸ் போட்ட ஒரு சட்டத்திலிருந்து. தோட்டங்களிலிருந்து தப்பிவரும் அடிமைகளை மண் வெட்டவும் மூட்டை தூக்கவும் ராணுவம் வைத்துக்கொண்டால் கொடுக்க வேண்டிய கூலி அது. துப்பாக்கி பிடிக்கிறவனுக்கும் அதே சட்டம் பொருந்தும் என்று போர்த்துறையின் சட்ட ஆலோசகர் முடிவு சொல்லிவிட்டார். பதவியும் கணக்கில்லை: வெள்ளை சார்ஜென்டுக்கு 17, கறுப்பு சார்ஜென்டுக்கு அதே 7.

54-வது படை வாங்க மறுத்தது. ஒருவர் இருவர் இல்லை, படை மொத்தமும். அதிகாரிகளும் அதற்கு ஆதரவு. நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்த கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், 1863 செப்டம்பர் 28-ல் மோரிஸ் தீவிலிருந்து நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். சுற்றி வளைக்காமல் கேட்டார்: நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா? அந்தக் கடிதத்தை இப்போது படித்தாலும் அதில் கெஞ்சல் இல்லை. சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை என்ற கணக்குதான் இருக்கிறது.

மாநில அரசு மீதியைத் தர முன்வந்ததாமே? அதையும் ஏன் மறுத்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்கிறார்கள். வந்த பணத்தை வாங்கினால் என்ன?

ஆளுநர் ஆண்ட்ரூ உண்மையான வருத்தத்தோடு செய்த ஏற்பாடு அது. 1863 நவம்பரில் மாநிலச் சட்டமன்றம், மத்திய அரசு தரும் 10-க்கும் 13-க்கும் இடையிலான வித்தியாசத்தை மாநிலமே தரும் என்று சட்டம் போட்டது. அதிகாரிகள் பணத்தோடு முகாமுக்கே வந்தார்கள். சிப்பாய்கள் நன்றி சொன்னார்கள், ஆனால் தொடவில்லை. அவர்கள் தர்க்கம் எளிது. மாசசூசெட்ஸ் ஈடு கட்டினால் எங்கள் பை நிரம்பும், வாஷிங்டன் கணக்கேட்டில் நாங்கள் 10 டாலர் ஆளாகவே இருப்போம். வாங்கிவிட்டால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சும்மா சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. ஊரில் மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர். வீட்டு வாடகை பாக்கி, கடையில் கடன், சில குடும்பங்கள் ஏழைகள் விடுதிவரை போன கதைகள். முகாமில் அதட்டலும் முணுமுணுப்பும் கலகத்தின் விளிம்புவரை போயின. வேறொரு கறுப்பினப் படையில், சம்பளம் சரியில்லை என்று தன் ஆட்களைத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், 1864 பிப்ரவரி 29-ல் கலகக் குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். 54-வது படை துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. வேலையைச் செய்தது, சம்பளத்தை மட்டும் தொடவில்லை. அந்த எல்லைக்கோட்டை அவர்கள் தெரிந்தேதான் போட்டுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

சம்பளம் இல்லாமலே சண்டைக்குப் போனார்களா?

போனார்கள். 1864 பிப்ரவரி 20, ஃப்ளோரிடாவின் ஒலஸ்டி. வடக்குப் படை நன்றாகத் தோற்ற சண்டை. சுமார் 5,500 பேரில் 1,861 இழப்பு. 54-வது படை கடைசியில் வரவழைக்கப்பட்டு, மற்றவர்கள் தப்பிப் போகும்வரை எதிரியைத் தடுத்து நின்றது. மூட்டைகளை வழியிலேயே எறிந்துவிட்டு ஓடிவந்து களத்தில் இறங்கியபோது அவர்கள் எழுப்பிய முழக்கம்: மாசசூசெட்ஸுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் மூன்று ஜே! அதில் எவ்வளவு கேலி, எவ்வளவு கோபம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பின்வாங்கும் வழியில் காயம்பட்டவர்கள் நிரம்பிய ரயில் நின்றுவிட்டது, இன்ஜின் பழுது. விட்டுவிட்டால் எதிரியிடம் சிக்குவார்கள். 54-வது படைக்காரர்கள் கயிறு கட்டிப் பெட்டிகளைக் கையாலேயே இழுத்துப் போனார்கள், மைல்கணக்கில்.

லிங்கனுக்குக் கடிதம் எழுதிய குடிங் ஒலஸ்டியில் காயமடைந்து பிடிபட்டார். தெற்கின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் 1864 ஜூலை 19-ல் இறந்தார்.

கடைசியில் சம்பளம் கிடைத்ததா?

கிடைத்தது, அதிலும் ஒரு முடிச்சோடு. முதல் விரிசல் ஒரு பாதிரியாரால் வந்தது. படையின் கறுப்பினப் பாதிரியார் சாமுவேல் ஹாரிசனுக்கும் அதே 10 டாலர் என்று சொன்னபோது ஆளுநர் ஆண்ட்ரூ விஷயத்தை லிங்கனிடம் கொண்டுபோனார். முழுச் சம்பளம்தான் தர வேண்டும் என்று அரசின் தலைமை வழக்கறிஞர் எட்வர்ட் பேட்ஸ் 1864 ஏப்ரலில் கருத்துச் சொன்னார். ஜூனில் காங்கிரஸ் சம ஊதியச் சட்டம் போட்டது. ஆனால் சேர்ந்த நாளிலிருந்து பாக்கி முழுவதும் பெற, 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்திருக்க வேண்டும். அன்று அடிமையாக இருந்தவருக்கு அந்தப் பாக்கி இல்லை.

ஒரே அகழியில் படுத்தவர்களை இரண்டாகப் பிரிக்கும் ஏற்பாடு. ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலோவெல் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளை. சட்டப்படி சத்தியம் வாங்க வேண்டும். சத்தியத்தின் வாசகம் அவர் கையில். 'அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ யாருக்கும் கூலியில்லா உழைப்புக் கடன்பட்டிருக்கவில்லை' என்று சத்தியம் செய்யச் சொன்னார். அடிமையாக இருந்தவர் கையைத் தூக்கித் தயங்காமல் சொல்லலாம். எஜமானனுக்கு நான் எதற்குக் கடன்பட்டவன்? மனிதச் சட்டம் என்ன சொன்னாலும் கடவுள் முன் அது உண்மை. குவேக்கர் சத்தியம் என்று அதற்குப் பேரே வந்துவிட்டது.

1864 செப்டம்பர் கடைசியில் பட்டுவாடா. குடிங் கடிதம் எழுதிச் சரியாக ஒரு வருடம். இந்த ஒரு படைக்கு மட்டும் 1,70,000 டாலர் தேவைப்பட்டது. அன்று முகாமில் பாட்டும் வாத்தியமும். பெரும் தொகை உடனே ஊருக்கு அனுப்பப்பட்டது.

கறுப்பர் யாரும் அதிகாரி ஆகவே இல்லையா?

ஸ்டீஃபன் ஸ்வெய்ல்ஸ். ஒலஸ்டியில் தலையில் காயம்பட்ட சார்ஜென்ட். 1864 மார்ச்சில் ஆளுநர் லெப்டினன்ட் பதவி கொடுத்தார். ஆப்பிரிக்க வம்சாவளி என்று காரணம் சொல்லிப் போர்த்துறை 1865 ஜனவரிவரை இழுத்தடித்தது. போருக்குப் பின் தென் கரோலினாவிலேயே தங்கி, அந்த மாநிலச் செனட்டில் உறுப்பினராகவும் கிங்ஸ்ட்ரீ ஊரின் மேயராகவும் இருந்தார்.

கடைசிச் சண்டை எது?

பாய்கின்ஸ் மில், தென் கரோலினா, 1865 ஏப்ரல் 18. தெற்கின் தளபதி லீ சரணடைந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது; செய்தி அங்கே வந்து சேரவில்லை. அன்றும் ஆள் இறந்தார்கள். இதற்கு முன் 1864 நவம்பர் 30-ல் ஹனி ஹில் சண்டையிலும் இந்தப் படை இருந்தது. ஆகஸ்டில் கலைக்கப்பட்டு, செப்டம்பர் 2-ல் பாஸ்டனில் கடைசி அணிவகுப்பு.

போரில் இறந்தவர் அதிகமா, நோயில் இறந்தவர் அதிகமா?

நோயில். அந்தப் போரின் பல படைகளில் இதே கதைதான்.

நினைவுச் சின்னம் எங்கே இருக்கிறது?

பாஸ்டனில், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிரே. 1863 மே 28-ல் படை அந்த வழியாகத்தான் போனது. சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் முதலில் குதிரைமேல் ஷா தனியாக இருப்பதாகத்தான் திட்டமிட்டார். மகனை அப்படித் தனியாகப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று ஷா குடும்பம் சொன்னதால், கூடவே நடக்கும் சிப்பாய்களும் வந்தார்கள். கறுப்பர்களை மாடலாக உட்கார வைத்து, ஒவ்வொரு முகமும் தனி முகமாக வடித்தார்; பதினான்கு வருடம் ஆனது. 1897 மே 31 திறப்பு விழாவில் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் பேசினார், கார்னியும் வந்திருந்தார்.

வெண்கலத்தில் முகங்கள் இருந்தன, பின்புறக் கல்லில் இறந்த அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. வாக்னரில் இறந்த சிப்பாய்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டது 1982-ல்.